எதிர்பார்த்த ஒலி: அகன்ற அலைப்பட்டை வானொலியின் வரலாற்றில் ஒரு நோக்கு

கம்பியில்லாத் தந்தியின் வரலாறு பெரும்பாலும் செலுத்திகளின் வலிமையை அளவுகோலாகக் கொண்டே கூறப்படுகின்றது. ஆயின் அவ்வரலாற்றின் நெடுநாட் சிக்கல் கேட்குமிடத்திலேயே உள்ளது. இரைச்சலின் நடுவே வந்தது சைகைதானா, அது வந்த கணம் யாது என்னும் இரு வினாக்களே அச்சிக்கலாகும்.

1901 டிசெம்பர் 12ஆம் நாள், நியூபவுண்லாந்தின் சென் ஜோன்ஸ் நகரில், இங்கிலாந்தின் போல்டூ நிலையத்திலிருந்து வந்த மூன்று புள்ளிகளைச் செவிக்குழலிற் கேட்டதாக மார்க்கோணி அறிவித்தார். அனுப்பும் எழுத்தும் வேளையும் முன்னரே குறிக்கப்பட்டிருந்தன. அவ்வேற்பாடின்றி அத்துணை மெல்லிய ஒலியைத் தேடிப் பிடித்தல் அரிது. ஐயத்தை விளைத்ததும் அவ்வேற்பாடே. சான்றாயிருந்தவை அவருடைய செவியும் உதவியாளர் கெம்பின் செவியுமே. எதிர்பார்த்திருக்கும் செவி வெற்றிரைச்சலிலும் மூன்று புள்ளிகளைக் கேட்கக்கூடும். 1902 பெப்ரவரியில் பிலடெல்பியா என்னும் கப்பலில் நடந்த சோதனை, பகலில் அலைகள் ஏறத்தாழ 700 மைலுக்கப்பால் எட்டாமையைக் காட்டிற்று. நண்பகலில் 2,000 மைலுக்கு மேற் கேட்டது எங்ஙனம் என்னும் வினா இன்றும் தீரவில்லை.

அக்காலத் தீப்பொறிச் செலுத்தி பரந்த மீடிறன் வீச்சில் ஆற்றலை இறைத்தது. ஒரு நிலையம் பேச, அயல் நிலையங்கள் செவிடாயின. 1927ஆம் ஆண்டின் வாஷிங்டன் வானொலி மாநாடு அதனைப் படிப்படியாகக் கைவிட விதித்தது.

இதற்கிடையே கேட்டல் கணிதமாயிற்று. எதிர்பார்க்கும் சைகையின் வடிவத்துக்கு ஏற்ப வடியை அமைப்பின், இரைச்சலை விஞ்சும் அளவு உச்சமடையும் என 1943இல் நோர்த் என்பார் காட்டினார். எனினும் தீர்ப்புக்கு ஓர் எல்லை வேண்டும். எல்லையைத் தாழ்த்தினால் இல்லாததைக் கேட்போம். உயர்த்தினால் உள்ளதை இழப்போம்.

அகன்ற அலை 2002 பெப்ரவரி 14ஆம் நாள் மீண்டது. அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு, 3.1 முதல் 10.6 கிகாஹேட்ஸ் வரையான வீச்சை உரிமமின்றிப் பயன்படுத்த இசைந்தது. ஒரு மெகாஹேட்சுக்கு ஏறத்தாழ 74 நனோவாற்று என்பதே உச்சவரம்பு. உரத்துப் பேசியமையால் விலக்கப்பட்ட அலை, முணுமுணுக்க உடன்பட்டு மீண்டது எனலாம். சுமை வாங்கியின் மேல் விழுந்தது. துடிப்பு ஒன்றின் நீளம் ஒரு நனோசெக்கன் அளவினதே. ஆதலால் செய்திக்கு முன் இருதரப்பும் அறிந்த தொடரொன்று மீள மீள அனுப்பப்படுகின்றது. வாங்கி முதலிற் பரும்படியாகவும் பின்னர் நுண்மையாகவும் நேரத்தைப் பொருத்துகின்றது. சுவரிற் பட்டுத் தெறிக்கும் அலை, நேர்வழி அலையினும் வலிதாயிருத்தலும் உண்டு. ஒரு நனோசெக்கன் பிழைப்பின், அலை கடந்த தூரம் 30 சென்ரிமீற்றர் பிழைபடும்.

2007இல் வெளிவந்த 802.15.4ஏ நியமம் இவ்வழியிற் தூரமளத்தலை வகுத்தது. கார்க்கதவைத் திறத்தல் போன்ற காரியங்களுக்கு இவ்வளவீடு கருதப்பட்டபோது பழைய ஐயம் புதுவடிவில் எழுந்தது. யாவரும் அறிந்த தொடரைக் கள்வனும் முந்தி அனுப்பலாம். வாங்கியும் சேய்மையை அண்மையென மயங்கலாம். ஆகவே 2020ஆம் ஆண்டின் 802.15.4இசட் நியமம், இருதரப்பு மட்டுமே அறியத்தக்க மறைகுறித் தொடரைச் சேர்த்தது.

எதிர்பார்ப்பின்றி மெல்லொலியைக் கேட்டல் இயலாது. எவரும் எதிர்பார்க்கத்தக்க ஒலியைச் சான்றாகக் கொள்ளலும் ஆகாது. சென் ஜோன்சில் அன்று மார்க்கோணி முன்கூட்டி அறியாத ஒரு சொல் வந்திருப்பின், அவ்வையத்துக்கு இடமிருந்திராது.