ப்ளைவுட் டாங்கியும் ஒரு கைதியும்

போன வாரம் 'தி ஸ்டீல் ஹெல்மெட்' படத்தை மூணாவது தடவையா பார்த்தேன். கொரியப் போர் 1950 ஜூனில் ஆரம்பிச்சது. படம் 1951 ஜனவரியிலேயே வந்துடுச்சு! சண்டை நடந்துகிட்டு இருக்கும்போதே அதைப் பற்றி ஒரு படம்.

இயக்குநர் சாமுவேல் புல்லர், முன்னாள் கிரைம் ரிப்போர்ட்டர். இரண்டாம் உலகப்போரில் காலாட்படைச் சிப்பாயாக நார்மண்டி கடற்கரையில் இறங்கியவர். தயாரிப்பாளர் ராபர்ட் லிப்பர்ட், மலிவுப் படங்களுக்குப் பேர் போனவர். பட்ஜெட் சுமார் ஒரு லட்சம் டாலர், படப்பிடிப்பு பத்தே நாள். கொரியா என்று நாம் பார்ப்பது லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் பார்க். ராணுவக் கூட்டம்? கல்லூரிப் பசங்க 25 பேர். டாங்கி ப்ளைவுட்டில் செஞ்சது. சிரிப்பு வரும்தான். ஆனா பாதிப் படத்துக்கு மேல சிரிப்பு வராது.

ஒரு புத்தர் கோயிலில் அமெரிக்கச் சிப்பாய்களிடம் வட கொரிய மேஜர் ஒருவன் கைதியாக மாட்டுகிறான். காயத்துக்குக் கட்டுப் போடும் கறுப்பின மருத்துவ வீரனிடம் கேட்கிறான்: ஊரில் உன்னை பஸ்ஸில் பின்னாடிதானே உட்கார வைக்கிறாங்க? அடுத்து ஜப்பானிய வம்சாவளி சார்ஜென்ட் டனாகாவிடம், உங்க ஆட்களை முகாமில் அடைச்சாங்களே என்கிறான். 1942-லிருந்து சுமார் 1,20,000 பேரை அப்படி அடைத்திருந்தார்கள். ஹாலிவுட் பெரும்பாலும் வாய் திறக்காத விஷயம். அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு நஷ்டஈடு தரச் சட்டம் போட்டது 1988-ல்தான். பஸ் சீட்டுக்காக ரோசா பார்க்ஸ் கைதானது 1955-ல். படம் அதுக்கு நாலு வருஷம் முந்தி!

கேள்வி எதிரி வாயில் வருது, சரி. ஆனா பதில்? இரண்டு பேரும் மழுப்பவில்லை, அப்படி நடக்கலைன்னும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் உறைத்தது. (டனாகாவாக வந்த ரிச்சர்ட் லூ, சீன வம்சாவளிக்காரர். போர்க்காலப் படங்களில் ஜப்பானிய வில்லனாகவே வந்து போனவர். பாவம், இங்கேதான் மனுஷனுக்கு நல்ல வேஷம்.)

அப்புறம் நடப்பதுதான் பெரிய வம்பு. கூடவே சுத்திய கொரியச் சிறுவன் சுடப்பட்டுச் சாகிறான். அவன் எழுதிவைத்த பிரார்த்தனையை மேஜர் கேலி பண்ண, நிராயுதபாணிக் கைதியை சார்ஜென்ட் ஜாக் சுட்டுவிடுகிறான். கதாநாயகன் செய்யும் போர்க்குற்றம்! ராணுவம் கொதிச்சது. புல்லர் அசரலை, போரில் இப்படியும் நடந்ததுன்னு தன் பழைய தளபதியையே சாட்சிக்கு இழுத்தார். வலதுசாரிகள் அவரை கம்யூனிஸ்ட் என்றார்கள், கம்யூனிஸ்டுகள் பிற்போக்குவாதி என்றார்கள். பெரிய ஸ்டுடியோவாக இருந்தால் அந்தக் காட்சி கதை விவாதத்திலேயே காலியாகியிருக்கும்னு நினைக்கிறேன்.

கிடைச்சா பாருங்க. டைட்டில் ஓடும்போதே கவனிங்க: ஓட்டை விழுந்த ஒரு ஹெல்மெட் அசையாமல் கிடக்கும். சும்மா படம் போட்டிருக்காங்கன்னு நினைப்பீங்க. டைட்டில் முடிந்ததும் அது மெல்ல எழும்பும், கீழே ரெண்டு கண்.