நாட்டிணைப்பு அச்சுறுத்தலும் கனடாவின் பட்டறிவும்

வலிமிக்க அண்டை நாடொன்று, மற்றொரு நாட்டைத் தன்னொடு சேர்த்துக்கொள்ளப் போவதாகக் கூறுமாயின், அதனை வெற்றுரை எனத் தள்ளுவதா, வினையின் முன்னறிவிப்பு எனக் கொள்வதா? 2024ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த டொனால்டு டிரம்ப், கனடாவை அந்நாட்டின் 51ஆம் மாநிலம் எனக் குறிக்கத் தொடங்கினார். 2025 சனவரியில், அதன்பொருட்டுப் படைவலியை அன்றிப் பொருளியல் வலியைப் பயன்படுத்தப் போவதாகவும் உரைத்தார். கேட்டோருள் நகைத்தாரும் உளர், நடுங்கினாரும் உளர். இவ்விரு நிலைகளுள் எது தக்கது என்பதைக் கனடாவின் பழைய பட்டறிவு கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருக்குறளின் 48ஆம் அதிகாரமாகிய வலியறிதல், செய்யத் துணிந்த வினையின் வலிமை, தன் வலிமை, பகைவனின் வலிமை, துணையாவாரின் வலிமை ஆகிய நான்கையும் எடைபோடுமாறு அறிவுறுத்துகின்றது. பகைவனின் உள்ளக் கருத்து அந்நான்கனுள் ஒன்றாக வைக்கப்படவில்லை என்பது ஈண்டு உற்றுநோக்கத்தக்கது. உள்ளம் மாறும் இயல்பினது. ஒருவர் விளையாட்டாகக் கூறியதை அவர்பின் வந்தோர் வினையாக்குதலும் கூடும். வினைமேற் செல்வோனுக்கு உரைத்த இவ்வளவுகோல், அவ்வினைக்கு ஆளாகக்கூடியவனுக்கும் பொருந்துவதே.

அச்சுறுத்தல் முதலில் படைவழி வந்தது. 1775இல், விடுதலைப் போரைத் தொடங்கியிருந்த அமெரிக்கக் குடியேற்றங்கள் வடக்கே படை செலுத்தின. நவம்பரில் மாண்ட்ரியல் வீழ்ந்தது. திசம்பர் 31ஆம் நாள் கியூபெக் நகரைத் தாக்கியபோது படைத்தலைவர் மாண்ட்கோமரி மாண்டார். அடுத்த ஆண்டில் எஞ்சிய படை பின்வாங்கிற்று. எனினும் வேட்கை தணிந்திலது. 1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகளின் 11ஆம் பிரிவு, பிற குடியேற்றங்கள் சேர ஒன்பது மாநிலங்களின் இசைவு வேண்டும் என்றது. கனடாவுக்கோ அவ்விசைவு வேண்டா எனக் கதவைத் திறந்தே வைத்தது. 1812ஆம் ஆண்டுப் போரின் தொடக்கத்தில், கியூபெக் வரையுள்ள பகுதியைக் கைக்கொள்ளுதல் நடந்து சென்று அடையும் அளவினதே என முன்னாள் குடியரசுத் தலைவர் ஜெபர்சன் மடல் எழுதினார். அம்மாதமே டிட்ராயிட் கோட்டை, பிரித்தானியத் தளபதி புராக்கிடமும் அவர்க்குத் துணைநின்ற பழங்குடித் தலைவர் தெகும்சேயிடமும் பணிந்தது. 1814 இறுதியில் கையெழுத்தான கெண்ட் உடன்படிக்கை, போருக்கு முந்திய எல்லையையே மீளவும் நிறுவிற்று.

இருமுறை தோற்ற அச்சுறுத்தலை இகழலாம் எனக் கருதுதல் பிழையாகும். அதே அண்டை நாடு 1845இல் டெக்சாசைச் சேர்த்துக்கொண்டது. 1846இல் தொடங்கி 1848இல் முடிந்த போரின் பயனாக, மெக்சிகோவிடமிருந்து கலிபோர்னியா உள்ளிட்ட பெருநிலப் பரப்பைப் பெற்றது. தெற்கே சொல் செயலாயிற்று, வடக்கே ஆகவில்லை. இவ்வேறுபாட்டின் காரணங்களுள் தலையாயது துணைவலியே எனலாம். கனடாவின் பின்னே பிரித்தானியக் கடற்படை நின்றது. மெக்சிகோவின் பின்னே அத்தகு துணை எதுவும் நின்றிலது.

அச்சுறுத்தலின் இரண்டாம் வழி வாணிகம். 1846இல் பிரித்தானியா தன் தானியச் சட்டங்களை நீக்க முற்பட்டதனால், கனடாவின் கோதுமையும் மாவும் அந்நாட்டுச் சந்தையில் பெற்றிருந்த சலுகையை இழக்கலாயின. 1849இல், மாண்ட்ரியலில் வணிகர் முதலியோர் முந்நூற்றுக்கு மேற்பட்டார் அமெரிக்காவோடு இணைய வேண்டும் என்ற அறிக்கையில் கையெழுத்திட்டனர். அவருள் ஒருவரான ஜான் அபட், 1891இல் கனடாவின் தலைமை அமைச்சரானார். வெளியே நின்று தட்டுவோரினும் உள்ளிருந்து கதவு திறப்போர் கருத்தே முதற்கண் ஆராயத்தக்கது என்பதற்கு இது சான்றாகும். 1854ஆம் ஆண்டு வாணிக உடன்படிக்கைக்குப் பின்னர் இணைப்புக் குரல் தணிந்தது. 1866இல் அமெரிக்கா அவ்வுடன்படிக்கையை முடிவுறுத்தியது. அவ்வாண்டே அயர்லாந்து விடுதலையை நாடிய பீனியர், அமெரிக்க மண்ணிலிருந்து எல்லை கடந்து தாக்கினர். கனடாவை இணைக்கும் சட்ட முன்வரைவொன்றும் அமெரிக்கப் பேராளர் அவையில் கொண்டுவரப்பட்டு நிறைவேறாதொழிந்தது.

சிதறிக் கிடந்த குடியேற்றங்கள் இவற்றைப் பொருட்படுத்தின. 1867 மார்ச்சு 29இல் பிரித்தானிய வட அமெரிக்கச் சட்டம் அரசியின் ஒப்புதல் பெற்றது. மறுநாளே, உருசியாவிடமிருந்து அலாசுகாவை வாங்கும் உடன்படிக்கையில் அமெரிக்கா கையெழுத்திட்டது. சூலை 1இல் கனடாக் கூட்டாட்சி தோன்றிற்று. இணைப்பச்சம் அதன் ஒரே காரணம் அன்று. உள்நாட்டு அரசியல் முட்டுப்பாடும் இருப்புப்பாதைத் தேவையும் உடன் நின்றன. எனினும், அவ்வச்சம் அதனை விரைவுபடுத்தியது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், அவ்விரைவுக்கு விலை கொடுத்தோர் வேறு மக்கள். அமெரிக்கா முந்துமுன் மேற்குப் பகுதியைப் பெற வேண்டும் என்ற கருத்தும் உந்த, அட்சன் விரிகுடாக் குழுமத்தின் பெருநிலத்தைக் கனடாவுக்கு மாற்ற ஏற்பாடாயிற்று. அங்கு வாழ்ந்த மேத்தி மக்களும் பழங்குடிகளும் வினவப்பட்டிலர். 1869இல் மேத்தியர் எதிர்த்தெழுந்தனர். 1885 நவம்பர் 7இல் பசிபிக் இருப்புப்பாதையின் இறுதி ஆணி அறையப்பட்டது; அத்திங்கள் 16இல் மேத்தித் தலைவர் லூயி ரியேல் தூக்கிலிடப்பட்டார். தான் விழுங்கப்படுவதை அஞ்சிய நாடு தானே பிறரை விழுங்கிற்று.

அச்சம் பிறர்க்குக் கருவியாதலும் உண்டு. 1911இல் இரு நாடுகளும் புதிய வாணிக உடன்பாடு ஒன்றைச் செய்தன. அமெரிக்க அரசியல் தலைவர் சாம்ப் கிளார்க், வடமுனை வரை அமெரிக்கக் கொடி பறக்கும் நாளைக் காண விழைவதாகப் பேரவையில் பேசினார். அப்பேச்சு கனடாவில் பெரும் புயலை எழுப்பியது. காப்பு வரியால் பயன்பெற்ற தொழிலதிபர்கள் அதனைத் தம் நலனுக்குப் பயன்படுத்தினர். செப்டம்பர்த் தேர்தலில் லாரியர் அரசு வீழ்ந்தது. உடன்பாடும் உடன் வீழ்ந்தது. ஆகவே, அச்சுறுத்தலை எடைபோடுவோர், அச்சத்தால் ஆதாயம் பெறுவோர் யாவர் என்பதையும் வினவுதல் வேண்டும்.

2025 மார்ச்சில் அமெரிக்கா கனடாப் பொருள்கள்மீது 25 விழுக்காட்டு வரியை நடைமுறைப்படுத்தியது. ஏப்பிரல் 28ஆம் நாள் நிகழ்ந்த தேர்தலில், சில திங்கள் முன்னர்த் தோல்வி உறுதி எனக் கருதப்பட்டிருந்த லிபரல் கட்சி, மார்க் கார்னியின் தலைமையில் வென்றது. மக்கள் சொல்லைப் பொருட்படுத்தினர் என்பதற்கு இதுவே போதிய சான்று. எனினும், 2024இல் கனடாவின் ஏற்றுமதிப் பொருள்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அவ்வொரு நாட்டுக்கே சென்றது என்பது தன்வலியின் குறையைக் காட்டுவது. 1866இல் இருந்த பிரித்தானியத் துணைவலி போன்றதொன்றும் 2025இல் இல்லை.

எனவே, பொருட்படுத்துதல் வேறு, அஞ்சுதல் வேறு. சொல்லியவர் மெய்யாகவே கருதினாரா என்னும் வினாவுக்கு உரிய காலத்தில் விடை கிடைப்பதில்லை; கிடைக்கும்போது அது பயன்படுவதுமில்லை. தன் வாணிகம் எத்துணை ஒருவரையே சார்ந்துள்ளது, தன் மக்களுள் மனக்குறையுடையோர் யாவர், இடர்க்காலத்தில் உடன்நிற்போர் யாவர் என்னும் வினாக்களுக்கோ அமைதிக் காலத்திலேயே விடை காணலாம். அவ்விடைகளைத் தேடிக் குறைகளைக் களைதலே அச்சுறுத்தலைப் பொருட்படுத்துதலாகும். அச்சுறுத்தல் வெற்றுரையாகவே முடியினும், அம்முயற்சியால் அந்நாட்டுக்கு இழப்பொன்றும் இல்லை.