கணக்கேடும் துப்பாக்கியும்

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நிலவியது. அக்காலச் சிகாகோவைக் களமாகக் கொண்டு 1959 முதல் 1963 வரை ஏபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான தொடர் 'தி அன்டச்சபிள்ஸ்'. கையூட்டுத் தீண்டாதவர் என்பது அப்பெயரின் கருத்து. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் நம் மண்ணின் பழியொன்று குறுக்கே வந்து நிற்கும்.

தொடரின் நாயகர் எலியட் நெஸ் கற்பனை மாந்தர் அல்லர். மதுவிலக்கு அதிகாரியாக வாழ்ந்தவர். அவர்தம் குழு கள்ளத்தனமாய் இயங்கிய பீர் ஆலைகளை உடைத்தது உண்மை. ஆயினும் அவர் திரட்டிய சான்றுகளின்மேல் எழுந்த மதுவிலக்கு வழக்கு விசாரணைக்கே வரவில்லை. 1931-இல் அல் கபோனுக்கு 11 ஆண்டுச் சிறை கிடைத்தது வருமான வரி ஏய்ப்புக்காக. அவ்வழக்கை உருவாக்கியோர் பிராங்க் வில்சன் முதலிய வரித்துறையினர். அவர்களுடைய படைக்கலம் சூதாட்டக் கூடத்தின் கணக்கேடு. பேரேடு புரட்டும் அதிகாரியைத் திரையில் எத்துணை நேரம் காட்ட இயலும்? துப்பாக்கியே வென்றது. 1935-இல் எஃப்.பி.ஐ. முற்றுகையில் மாண்ட மா பார்க்கரையும் தொடர் நெஸ்ஸின் கணக்கில் சேர்த்தது!

குற்றவாளிகள் பெரிதும் இத்தாலியப் பெயர் தாங்கி வந்ததை இத்தாலிய அமெரிக்கர் எதிர்த்தனர். கற்பனைக் குற்றவாளிகளுக்கு அப்பெயர்களை இடுவதில்லை என 1961-இல் தயாரிப்பாளர் இசைந்தனர்.

நெஸ் இவற்றுள் எதனையும் கண்டாரில்லை. ஆஸ்கார் பிராலியுடன் இணைந்து ஆக்கிய, தொடருக்கு மூலமான நூல் வெளிவருமுன்பே, 1957 மே மாதத்தில் அவர் மறைந்தார்.