இஃப்தார் தட்டில் கடற்பாசி: ஒரு வரலாற்றுக் குறிப்பு

சில ஆண்டுகளுக்கு முன், ரமளானுக்கு முந்திய வாரத்தில், நம் வகுப்பில் அரபுச் சொற்பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நோன்பு திறக்கும் தட்டில் இடம்பெறும் பண்டங்களுக்கெல்லாம் அரபுப் பெயர் எழுதுமாறு மாணவர்களைப் பணித்திருந்தோம். பேரீச்சம்பழம், கஞ்சி, சர்பத் எனத் தடையின்றி எழுதிவந்த காரைக்கால் மாணவர் ஒருவர் எழுதுகோலை வைத்துவிட்டு, “ஹஜ்ரத், கடற்பாசிக்கு அரபியில் என்ன?” என்று கேட்டார். சற்றும் தயங்காமல், “அதுவும் அரபகத்திலிருந்து வந்த இனிப்புத்தான், பெயரை நாளை பார்த்துச் சொல்கிறோம்” என்று விடை பகர்ந்தோம்.

அன்றிரவு தவளக்குப்பத்தில் நம் இல்லத்தில் அகராதிகளைப் புரட்டியபோதுதான் நாம் சொன்னதன் தவறு புலப்பட்டது. ‘லிஸானுல் அரப்’ நீர்மேல் படரும் பாசிக்குத் ‘துஹ்லுப்’ எனும் சொல்லைத் தருகிறது. அதனை உண்ணும் பண்டமாகச் சொல்லவில்லை. இக்கால அரபியிலோ, கடற்பாசியிலிருந்து எடுக்கும் இந்தப் பொருளுக்கு ‘ஆகார் ஆகார்’ என்றே எழுதுகிறார்கள். அது அரபுச் சொல் அன்று, மலாய்ச் சொல். நம்மிடம் இருப்பதை அரபியர் நமக்குத் தந்தனர் என்று வகுப்பில் கூறினோம். அரபியரோ அதன் பெயரையே கிழக்கிலிருந்து கடன் பெற்றிருக்கின்றனர். அந்தச் சிறு நாணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

கடற்பாசி எது என வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் வெளியூர்களில் வளர்ந்த இளையோர் பொருட்டு ஓரிரு சொற்கள். கடைகளில் ‘சைனா கிராஸ்’ எனும் பெயரில், வெள்ளை நாடாக்கள் போல, காகிதமெனக் கனமற்று விற்கப்படுவது இதுவே. பத்துக் கிராம் நாடாவைக் கத்தரித்து நீரில் ஊறவைத்து, ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரில் முற்றும் கரையும்வரை கொதிக்கவைத்து, சர்க்கரை சேர்த்து வடிகட்டி, பன்னீரோ ரோஜா எசன்ஸோ இரண்டு சொட்டு விட்டுத் தட்டில் ஊற்றினால் வேலை முடிந்தது. தேங்காய்ப் பால் சேர்த்து அதிகம் கிளறாமல் விட்டால், பால் மேலே வெண்மையாகவும் கீழே தெளிவாகவும் தானே இரண்டு அடுக்காகப் பிரிந்து உறைவது குழந்தைகளுக்கு ஒரு வேடிக்கை. இளநீரும் அதன் வழுக்கையும் இட்டுச் செய்வோர் உண்டு. எலுமிச்சைச் சாறு சேர்ப்பதாயின் அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே சேர்க்கவேண்டும். புளிப்போடு கொதித்தால் உறையும் ஆற்றல் குன்றிவிடும். நம் இல்லத்துப் பெண்கள் இதனை எந்த நூலிலும் படித்து அறிந்தாரில்லை.

இதன் இயல்பில் ஒரு நுட்பம் உண்டு. கடற்பாசிக் கரைசல் ஆறிவரும்போது நாற்பது டிகிரிக்குச் சற்றுக் கீழே உறைகிறது. உறைந்தபின் எண்பத்தைந்து டிகிரி அளவுக்குச் சூடேற்றினாலன்றி உருகுவதில்லை. நம் கடற்கரையின் சித்திரை வெயிலிலும் அது நின்றுபிடிக்கும். குளிர்பதனப் பெட்டி எனும் ஒன்று வீடுகளுக்கு வராத காலத்தில், அஸருக்குப் பின் ஊற்றி மஃரிபுக்குள் வெட்டி எடுக்கத்தக்க வேறெந்த இனிப்பும் இவ்வளவு எளிதாய் இல்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்பினார்கள் எனும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹுல் புகாரீயில் இடம்பெற்றுள்ளது. அங்கு வரும் ‘ஹல்வா’ எனும் சொல்லைக் கொண்டே நம்மில் பலர் தமிழ் முஸ்லிம் இல்லத்து இனிப்புகள் யாவற்றையும் அரபகத்தோடு பிணைத்துவிடுகின்றனர். அல்வாவைப் பொறுத்தமட்டில் அதில் உண்மை உண்டு. கி.பி. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த ‘கிதாபுத் தபீஹ்’ எனும் சமையல் நூலிலும், ஹிஜ்ரி 623-இல் (கி.பி. 1226) முஹம்மத் இப்னுல் ஹஸன் அல்பக்தாதீ எழுதிய அதே பெயருள்ள நூலிலும் ஃபாலூதஜ், லவ்ஸீனஜ், கதாயிஃப் போன்ற இனிப்புகள் பேசப்படுகின்றன. இப்பெயர்களிற் சில பாரசீகத்திலிருந்து அரபிக்கு வந்தவை என்பதும் ஈண்டு கருதத்தக்கது. பக்தாத்தின் அடுக்களையே ஒரு சந்தியாகத்தான் இருந்திருக்கிறது. அங்கு இனிப்பை இறுகச் செய்தது ‘நஷா’ எனும் மாப்பொருள். கடற்பாசி அன்று.

ஆக, மேற்கிலிருந்து வந்த இனிப்பு வரிசை ஒன்று நம்மிடம் உண்டு, அதனை மறுப்பாரில்லை. ஆனால் கிழக்கிலிருந்து வந்த வரிசை ஒன்றும் அதே தட்டில் அமர்ந்திருக்கிறது. கீழக்கரையிலும் இலங்கையிலும் கிண்டப்படும் தொதல், மலாய்த் தீவுகளின் ‘டோடோல்’தான், பெயரும் பொருளும் ஒன்றே. முட்டையும் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் கூட்டி ஆவியில் அவிக்கும் வட்டிலப்பத்துக்கு நெருங்கிய உறவு, மலாய் மக்களின் ‘ஸ்ரீகாயா’. டச்சுக்காரர் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து படைவீரராகவும் நாடு கடத்தப்பட்டோராகவும் கொண்டுவந்த மலாய் முஸ்லிம்கள் இலங்கையில் நிலைத்தனர். அவர்தம் அடுக்களையும் உடன் வந்தது. கடற்பாசி இந்த வரிசையைச் சார்ந்தது என்பதே நம் முடிபு.

அரபுப் பயணியர் இவ்வழியை அறியாதவரல்லர். இப்னு பதூதா, ழஃபார் நகரின் தென்னையைப் பற்றி எழுதுமிடத்து, தென்னையிலிருந்து காய்ச்சி எடுக்கும் ‘தேன்’ குறித்துப் பேசி, இந்தியா, யமன், சீன நாட்டு வணிகர் அதனை வாங்கிச் சென்று இனிப்புகள் செய்வதாகக் குறிக்கிறார். ஒரே கடல், இரு திசையிலும் கப்பல்கள்.

காகிதம் போன்ற அந்த நாடா வடிவம் ஜப்பானியருடையது. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில், கியோட்டோவை அடுத்த ஃபுஷிமியில் மினோ தரோஸாயெமோன் எனும் விடுதிக்காரர், மீந்த கடற்பாசிக் களியைப் பனிக்காலத்து இரவில் வெளியே எறிந்தார் என்றும், அது இரவில் உறைந்தும் பகலில் உருகியும் நாளடைவில் வற்றிக் காய்ந்து கிடந்ததைக் கண்டு மீண்டும் கொதிக்கவைக்க, முன்னைக் காட்டிலும் தூய களி கிடைத்தது என்றும் அந்நாட்டார் கூறுவர். கதையின் விவரங்கள் எப்படியாயினும், உறையவைத்துக் காயவைக்கும் முறை ஜப்பானில் தோன்றியது உறுதி. கனமற்ற, கெடாத, நெடுந்தொலைவு செல்லத்தக்க சரக்கு. சீன வணிகர் கைமாறித் தென்கிழக்காசியத் துறைமுகங்களை அடைந்தது. நம்மவர் அதனைச் சீனத்துப் புல் என அழைத்ததில் வியப்பில்லை.

அத்துறைமுகங்களில் நம்மவர் இருந்தனர். பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் சிங்கப்பூரின் நாகூர் தர்காவும் 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ் முஸ்லிம் வணிகர் குடியிருப்பின் சான்றுகள். புதுச்சேரி, காரைக்கால் மக்களுக்கோ இன்னொரு வாயிலும் திறந்திருந்தது. பிரெஞ்சியர் 1859-இல் சைகோனைக் கைப்பற்றிய பின், பிரெஞ்சிந்தியத் தமிழர் அங்கு அலுவலராகவும் வணிகராகவும் சென்றனர். முஸ்லிம்கள் பெரும்பாலும் துணி வணிகத்திலும் நாணய மாற்றிலும் ஈடுபட்டனர். சைகோனில் டொங் து தெருவிலுள்ள ஜாமிஆப் பள்ளிவாசல் 1935-இல் தென்னிந்திய முஸ்லிம்களால் கட்டப்பட்டதே. இன்றும் அங்கே தொழுகை நடைபெறுகிறது. வியத்நாமியர் ‘ராவ் காவ்’ என்று கடற்பாசி இனிப்பைத் தேங்காய்ப் பாலுடன் அடுக்கடுக்காய்ச் செய்வர். 1954-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தோசீனத்துப் போர் முற்றியபோது பல குடும்பங்கள் புதுச்சேரிக்கு மீண்டன. அந்த ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுச்சேரியும் இந்தியாவின் நிர்வாகத்துக்குள் வந்தது. மீண்டவர்களின் வீடுகளில் ‘நெம்’ எனும் உருட்டுப் பலகாரம் நிலைத்துவிட்டதைப் புதுவை மக்கள் யாவரும் அறிவர். உடன் வந்த கடற்பாசியை யாரும் வெளிநாட்டுப் பண்டமாக எண்ணாததற்குக் காரணம், அது முன்னரே நாகூர், காரைக்கால் வழியாக இங்கு குடியேறியிருந்ததாகவே இருக்கவேண்டும். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய ‘ரஜூலா’ கப்பலில் வந்த மூட்டைகளை நினைவுகூரும் முதியோர் நம் குடும்பங்களில் இருந்தனர். பட்டுத்துணி, டின் பிஸ்கோத்து, தலைவலித் தைலம், இவற்றினூடே ஒரு கட்டுக் கடற்பாசி.

இதுவரை எழுதியதை நாமே சற்றுத் திருத்தவும் வேண்டியிருக்கிறது. அரபகத்துக்குப் பதிலாக மலாயாவைத் தாயகமாக்கி முடித்துவிட்டால், பழைய தவற்றின் திசையைத்தான் மாற்றியவர்களாவோம். மூலப்பொருள் நம் கடலிலேயே விளைகிறது. மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் ஒருவகைச் செம்பாசிக்குக் கரையோர மக்கள் இட்ட பெயர் ‘கஞ்சிப் பாசி’. அதனைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தமையின் அப்பெயர். இலங்கையின் புத்தளம், கல்பிட்டி நீர்ப்பரப்புகளிலும் அதுவே வளர்கிறது. ஆங்கில மருத்துவர் அதனை ‘சிலோன் மாஸ்’ என்று அழைத்தனர். நோயாளிகளுக்கேற்ற உணவென அதனைப் பற்றி சிக்மண்ட், ஃபார் எனும் இருவர் 1840-இல் இலண்டனில் ஒரு நூலே வெளியிட்டனர். நாடாவாக்கும் கலை கிழக்கிலிருந்து வந்தது. பாசியைக் காய்ச்சினால் களியாகும் எனும் அறிவு நம் கரைக்கும் உரியது. பினாங்கிலிருந்து வந்த கட்டைப் பிரித்த மூதாட்டிக்கு அது முற்றிலும் புதிய பொருளாய் இருந்திராது.

கடற்பாசியின் வரலாற்றில் அடுக்களை எவ்வாறு மறைக்கப்படுகிறது என்பதற்கு ஐரோப்பாவிலிருந்தே ஒரு சான்று. 1881-இல் பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே, நுண்ணுயிர்களை ஜெலட்டின் மீது வளர்க்க முயன்றார். கோடை வெப்பத்தில் அது உருகிப் போயிற்று. அவர் மனைவி ஃபானி ஹெஸ்ஸே வீட்டில் பழக்களியைக் கடற்பாசி இட்டுச் செய்துவந்தவர். ஜாவாவில் வாழ்ந்திருந்த டச்சு அண்டை வீட்டாரிடம் அதனைக் கற்றவர். அதையே ஆய்வுக்கும் பயன்படுத்துமாறு அவர் கூறினார். 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்த கோக், ஆகார் ஆகாரைக் குறிப்பிட்டார். அந்த அம்மையாரைக் குறிப்பிடவில்லை. இன்று உலகின் மருத்துவ ஆய்வுக்கூடங்களில் கிருமிகளை வளர்க்கும் தட்டில் இருப்பது, நம் இஃப்தார் தட்டில் சர்க்கரையோடு இருக்கும் அதே பொருள்தான்.

நம் வரலாற்றாசிரியரும் இதில் மேம்பட்டவரல்லர். காயலில் இறங்கிய குதிரைகளையும் வளைகுடாவின் முத்துகளையும் மரைக்காயர் கப்பல்களையும் பக்கம் பக்கமாக எழுதியுள்ளோம். நம் தவளக்குப்பத்துக்குச் சற்று வடக்கே உள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது மதுவும் எண்ணெயும் வந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அவற்றைக் கொண்டு உரோமரின் உணவைப் பேசுகிறோம். கடற்பாசிக்கு ஓடு இல்லை. அதை அறிந்த பெண்மணிகளை உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதினாலன்றி அவ்வரலாறு கிடைக்காது. அதனைக் கேளாமல் விட்டவருள் நாமும் ஒருவர்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வரத்து நின்றபோது பல நாடுகளும் தத்தம் கரைகளில் பாசி தேடின. இந்தியாவிலும் ஆய்வுகள் தொடங்கின. 1966 முதல் மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் வணிக அளவில் எடுக்கப்பட்டு, மதுரைப் பகுதி ஆலைகளுக்குச் செல்கின்றன. எடுப்போர் பெரும்பாலும் பாம்பன், இராமேசுவரம், மண்டபம் பகுதி மீனவப் பெண்கள். கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப் பையுடன் மூச்சடக்கி மூழ்கிப் பாறைகளிலிருந்து பறிக்கின்றனர். இருபத்தொரு தீவுகளை உள்ளடக்கி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதிலிருந்து தீவுகளைச் சுற்றிப் பறிப்பதற்குத் தடை நேர்ந்தது. பெண்கள் தாமாகவே மாதத்தில் பன்னிரண்டு நாள்கள் மட்டுமே பறிப்பது என வரையறை செய்துகொண்டனர். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, இப்பெண்களின் உரிமைக்கும் பாசி வளத்தின் காப்புக்கும் உழைத்தமைக்காக 2015-இல் அமெரிக்காவின் ‘சீகாலஜி’ பரிசைப் பெற்றார். நாம் சில ரூபாய்க்கு வாங்கும் பொட்டலத்தின் பின்னே இத்தனை மூச்சு இருக்கிறது.

மார்க்கச் சட்டம் பற்றியும் ஒரு சொல்; மாணவர்கள் அடிக்கடி வினவுவதால். இப்போது கடைகளில் வண்ணப் பொட்டலங்களில் கிடைக்கும் ‘ஜெல்லி’ வகைகள் சிலவற்றில் இருப்பது ஜெலட்டின். அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுவது. பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 1986-இல் அம்மானில் கூடியபோது பன்றியிலிருந்து பெறும் ஜெலட்டின் ஆகாது எனத் தீர்மானித்தது. 1995-இல் குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு கூட்டிய கருத்தரங்கோ ‘இஸ்திஹாலா’, அதாவது ஒரு பொருளின் தன்மை முற்றும் மாறிவிடுதல், எனும் விதிப்படி மாறுபட்ட முடிவு கூறியது. இவ்விவாதம் முடிந்தபாடில்லை, நாம் பேணுதலையே விரும்புவோம். கடற்பாசிக்கு இவ்விவாதமே இல்லை. நஞ்சும் போதையும் கேடும் அற்ற தாவரம் ஆகுமானது என்பது பொதுவிதி. கடையில் வாங்கும் முன் பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்துப் பார்த்தால் போதும்.

மறுநாள் வகுப்பில் நம் விடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். அந்தக் காரைக்கால் மாணவர் சிரித்துவிட்டு, “எங்கள் பாட்டி அகர் அகர் என்றுதான் சொல்வார்கள், ஹஜ்ரத்; அது கொச்சைப் பேச்சு என்று எண்ணி நான் எழுதவில்லை” என்றார்.