குறியீட்டு முறையும் மின்னூல் படிப்போரும்

நூலின் பொருளேயன்றி, அது இணையத்தில் ஏறிவரும் குறியீட்டு முறையும் படிப்போரைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. மதுரைத் திட்டத்தின் வரலாற்றை இதற்குச் சான்றாகக் காட்டுவோம்.

1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தன்னார்வலர் தொடங்கிய அத்திட்டத்தின் முதல் நூல் திருக்குறள். தொடக்கக் காலத்து நூல்கள் பல 'திஸ்கி' முறையில் வெளிவந்தன. அதற்குரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் குறளும் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். எழுத்துருவை உடன்கொண்ட பி.டி.எப். வடிவம் அக்குறையைத் தீர்த்தது. எனினும் அதனுள் தமிழ்ச்சொல்லைத் தேடுதல் அரிதாகவே இருந்தது. சொல்லாய்வு செய்வார்க்கு இது சிறு குறையன்று.

ஒருங்குறி 1991-லேயே தமிழுக்கு இடமளித்ததே எனின், கணிப்பொறிகள் அதனை ஏற்கப் பல்லாண்டு சென்றன. ஆதலின் திஸ்கியைத் தேர்ந்தோரைக் குறை கூறோம். நூல்கள் ஒருங்குறிக்கு மாறிய பின்னரே, திட்டத்தின் பெயரறியா மாணவரும் தேடுபொறியில் ஒரு சொல்லை இட்டு அவற்றை அடையலாயினர். மாற்றப்படாத அக்காலப் பக்கங்களுக்கு அவ்வழி இன்றும் அடைபட்டேயுள்ளது.