நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சின்கள்: பழுதுபார்த்தலும் புதிதாகச் செய்தலும்

நீலகிரி மலை ரயிலை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஏற்றிச்செல்பவை எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் இருந்த எஸ்.எல்.எம். நிறுவனம் 1914 முதல் 1925 வரை 12 எஞ்சின்களையும், 1952இல் 5 எஞ்சின்களையும் இந்தப் பாதைக்காகச் செய்தது. அவற்றில் மூத்தவை நூறு வயதை நெருங்கியபோது, தொடர்ந்து பழுதுபார்ப்பதா, வேறு எஞ்சின் வாங்குவதா என்ற கேள்வி எழுந்தது.

சமவெளிப் பாதையாக இருந்திருந்தால் விடை எளிது. 1990களின் முடிவுக்குள் இந்திய ரயில்வே நாட்டின் பெரும்பாலான தடங்களில் நீராவியைக் கைவிட்டு டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறிவிட்டது. ஆனால் கல்லாறு தாண்டியதும் இந்தப் பாதை ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏறுகிறது. அந்தச் சரிவில் வழவழப்பான இரும்புச் சக்கரம் தண்டவாளத்தைப் பிடித்து ஏறாது, வழுக்கும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரட்டைச் சட்டம் பதிக்கப்பட்டுள்ளது. எஞ்சினின் பற்சக்கரங்கள் அதைக் கவ்வி ஏறுகின்றன. எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது.

எக்ஸ் வகையில் நான்கு சிலிண்டர்கள் உண்டு. உயர் அழுத்தச் சிலிண்டர்கள் இரண்டும் ஓடுசக்கரங்களை இயக்கும். சமதளத்தில் இவை மட்டும் போதும். மலை ஏறும்போது அவற்றிலிருந்து வெளியேறும் நீராவி வீணாகாமல் மற்ற இரு சிலிண்டர்களுக்குச் சென்று பற்சக்கரங்களைச் சுழற்றும். சாதாரண டீசல் எஞ்சினில் பற்சக்கரம் கிடையாது. ஆகவே குன்னூருக்கு மேலே, உதகை வரையுள்ள பகுதியில்தான் டீசல் ஓடுகிறது. இந்தியாவில் பற்சட்ட ரயில்பாதை இது ஒன்றுதான். எந்த மாற்று எஞ்சினையும் சில எண்ணிக்கையில், தனியாகச் சொல்லித்தான் செய்யவேண்டும். எஸ்.எல்.எம். நிறுவனமும் 1990களின் இறுதியில் பிரிக்கப்பட்டுவிட்டது.

முதலில் பழுதுபார்க்கும் வழியே நீண்டது. 2002இல் ஓர் எஞ்சின் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றப்பட்டது. தரமற்ற நிலக்கரியால் நடுவழியில் அழுத்தம் குறைவதற்கும், தீப்பொறி காட்டில் விழுவதற்கும் அது தீர்வாகக் கருதப்பட்டது. 2005இல் இந்த ரயில்பாதை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபின், நீராவியை முற்றிலும் அகற்றும் யோசனைக்கு இடம் குறைந்தது.

அதன்பின் திருச்சி பொன்மலைப் பணிமனை மூன்றாவது வழியை எடுத்தது. தென்னிந்திய ரயில்வே காலத்தில், 1920களின் இறுதியில், நாகப்பட்டினத்திலிருந்து இடம்மாறி வந்த பணிமனை இது. அங்கே பழைய எக்ஸ் வகையின் அமைப்பிலேயே, எண்ணெயில் ஓடும் புதிய எஞ்சின்கள் செய்யப்பட்டன. முதலாவது 2011இல் வெளிவந்தது.

இதே கேள்விக்கு மற்ற நாடுகள் கண்ட விடைகள் வேறு. சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் ரோட்ஹார்ன் பாதைக்கு 1992இல் எஸ்.எல்.எம். முற்றிலும் புதிய வடிவமைப்பில், ஒருவரே இயக்கக்கூடிய எண்ணெய் நீராவி எஞ்சினைச் செய்தது. ஃபுர்கா மலைப்பாதை ஆர்வலர்களோ, வியட்நாமின் தாலாத் பாதையில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய சுவிஸ் எஞ்சின்களை 1990இல் கப்பலேற்றி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றில் பெரிய வகை எஞ்சின் ஒன்று மறுபடி ஓடும்போது கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்திருந்தது. தன்னார்வலர்களால் அப்படிக் காத்திருக்க முடியும். அன்றாடம் பயணச்சீட்டு விற்கும் ரயில்வேயால் முடியாது.

பொன்மலையில் பிறந்ததைப் பாரம்பரிய எஞ்சின் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நீராவி எஞ்சினில் மிக விரைவாகத் தேய்வது கொதிகலனும் அதன் குழாய்களும். பல பத்தாண்டுகள் ஓடும் எந்த எஞ்சினிலும் அவை மாற்றப்பட்டுக்கொண்டே இருக்கும். அப்படிப் பார்த்தால் பழையதற்கும் புதியதற்கும் உள்ள தூரம் நினைப்பதைவிடக் குறைவு. 2021இல் பொன்மலை இன்னும் ஒருபடி பின்னால் சென்று, நிலக்கரியிலேயே ஓடும் எக்ஸ் வகை எஞ்சின் ஒன்றையும் செய்து முடித்தது.