பெயரிழந்த பேரழகியர்

உயர்ந்த கொண்டையும் நீண்ட பட்டாடையுமாகக் காட்சி தரும் சீன அரண்மனை மகளிரின் ஓவியங்கள் இன்று பல நாட்டு இல்லச் சுவர்களை அணிசெய்கின்றன. அழகைக் கண்டு மகிழும் நாம், அம்மகளிர் யாவர் என வினவுவதில்லை. அவ்வினாவிற்கு விடை தேடுவோர்க்கு ஓர் இழப்பின் வரலாறு புலப்படும்.

கி.பி. 292இல் ஜாங் ஹுவா என்பார் அரண்மனை மகளிர்க்கு அறிவுரை கூறும் செய்யுள் ஒன்றை இயற்றினார். அதனைத் தழுவி, கு கைச்சி என்னும் ஓவியரின் பெயரால் வழங்கும் பட்டுச் சுருளோவியம் 1903 முதல் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில், பாய்ந்து வரும் கரடியிடமிருந்து மன்னனைக் காக்கத் தானே முன்சென்று நிற்கிறாள் ஃபெங் என்னும் நங்கை. மன்னனுடன் பல்லக்கில் ஏற மறுக்கிறாள் பான் என்பாள். அவனருகில் இருக்கத்தக்கவர் நல்லமைச்சரே என்பது அவள் கருத்து. மகளிரை அடக்கி நெறிப்படுத்த ஆடவர் வகுத்த அறிவுரையே எனினும், இங்குப் பெண்ணுக்குப் பெயர் உண்டு, செயலும் உண்டு.

தாங் பேரரசுக் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜாங் சுவான் வரைந்த ஓவியம் ஒன்றன் படி இன்று பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்த அப்படியைப் பேரரசர் ஹுயிசொங்கின் பெயரோடு இணைத்துக் கூறுவர். அதில் மகளிர் புதுப்பட்டை உலக்கையால் இடிக்கின்றனர், தைக்கின்றனர், தணல் நிறைந்த கலத்தால் அதன் சுருக்கம் நீக்குகின்றனர். விரித்த பட்டின் கீழே சிறுமி ஒருத்தி குனிந்து நோக்குகிறாள். ஈண்டுப் பெயர் இல்லை, உழைப்பு எஞ்சியுள்ளது.

இவை சுருட்டி வைத்து, வேண்டும்போது விரித்துக் காண்பவை. அறையை அலங்கரிக்க எழுந்தவை அல்ல. சிங் பேரரசின் யோங்செங், 1722இல் அரியணை ஏறுமுன் இளவரசராக இருந்த காலத்தில், பன்னிரு மகளிரை ஏறத்தாழ ஆளுயரத்தில் பட்டில் வரைவித்துத் தடுப்புத் தட்டியில் பதித்தார். ஒருத்தி தேநீர் அருந்துகிறாள். ஒருத்தி பூனைகளை நோக்குகிறாள். ஒருத்தி கையில் கடிகாரம் ஏந்தியிருக்கிறாள். இவர்கள் அவருடைய துணைவியர் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. பின்னர் வெளிப்பட்ட 1732ஆம் ஆண்டின் அரண்மனைக் குறிப்பு ஒன்று, தட்டியிலிருந்து கழற்றப்பட்ட பன்னிரண்டு ‘அழகியர்’ பட்டோவியங்கள் என்று மட்டுமே கூறுகிறது. துணைவியராயின் அங்ஙனம் குறித்திருப்பரோ என ஆய்வாளர் வினவினர்.

இதனினும் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஓவியத்துள் ஓர் அழகியின் பின்னே தொங்கும் எழுத்தோவியத்தில் அவ்விளவரசரின் புனைபெயர் பொறிக்கப்பட்டுள்ளது. உடைமையாளரின் பெயர் நின்றது; உருவத்திற்குரியாளின் பெயர் நிற்கவில்லை.

இன்று சந்தையில் விற்கும் படங்கள் இவ்வழகியரின் வழித்தோன்றல்களே. கரடியை எதிர்த்து நின்றவளை அவற்றுள் காண்பது அரிது. சுவரில் மாட்டுவோர் மாட்டுக. ஆயின், அழகுக்கு இடமளித்த சுவரே பெயருக்கு இடம் மறுத்தது என்பதையும் நினைவிற் கொள்க.